ஏழு தண்ணி அரிசி

கும்பாவில் குவித்து வைத்த சோற்றைப் பார்த்ததும் மாயக்காளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு வெள்ளை. கஞ்சியை ஒட்ட வடித்து, நடுவில் குழி பறித்து, ஒரு கரண்டி மிளகுச் சாறு ஊற்றியிருந்தார்கள். ஓரத்தில் சுட்ட பூண்டு நாலு பல். காலையில் இதுதான், மதியம் இதுதான், பொழுது சாயும்போதும் இதுதான். அன்று அவள் பிள்ளை பெற்று எழுபத்தோராவது நாள்.

"தின்னுடி. ஊருக்குள்ள எவளுக்கு வாய்க்கும் இந்தச் சோறு?" என்றாள் மாமியார் ஒச்சம்மாள், நிலைப்படியில் நின்றபடி.

"எறங்க மாட்டேங்குது அத்தே."

"எப்படி எறங்கும்? கம்பங்களி தின்ன தொண்டையில்ல அது!"

மாயக்காள் மடியில் கிடந்த பெண் பிள்ளையைப் பார்த்தாள். இதற்கு முன்னால் பெற்ற இரண்டும் ஆண். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. நன்றாகக் கொழுத்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், திடீரென்று பாலைக் கக்கி, மூச்சு வாங்கி, நாலைந்து நாளில் போய்விட்டன. இந்தப் பிள்ளையாவது மூன்றாம் மாதம் தாண்ட வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

மாயக்காள் திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் பிறந்தவள். கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அவள் ஊரில் சாப்பாடு. அரிசியைத் தீபாவளிக்குப் பார்ப்பார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கால்வாய்ப் பாசனமுள்ள வீட்டில் அவளைக் கேட்டு வந்தபோது, "மகராசி, தினமும் நெல்லுச்சோறு" என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், 1930இல் கல்யாணம்.

மாமனார் நல்லகாமனும் பரம்பரைப் பணக்காரர் இல்லை. அவருடைய அப்பா மானாவாரிக் காட்டில் கிடந்தவர். தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, ஓட்டு வீடு வந்தது, அத்தோடு கௌரவமும் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோட்டோரம் அரிசி மில் வந்தபோது அந்த ஊரிலிருந்து முதல் வண்டி நெல் ஏற்றிப் போனவர் அவர்தான். அதற்கு முன் கீழத்தெருப் பெண்கள் வந்து உரலில் குத்திக் கொடுப்பார்கள். மில் வந்த பிறகு அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"மெஷின்ல மனுசக் கை படாது பாத்துக்க. கண்டவ வேர்வையும் அரிசில சொட்டாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவித்த நெல்லின் வாடையும் அவருக்கு ஆகாது. அது ஏழை வீட்டு வாடையாம். ஆகவே அந்த வீட்டில் பச்சரிசி, அதுவும் மில்லில் இரண்டு தரம் தீட்டிய பச்சரிசி.

அவரும் மகன் காசிமாயனும் வயலில் கம்மங்கூழ் குடித்தார்கள், பயறு தின்றார்கள், வாரம் ஒரு நாள் கறியும் தின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத்தான் பத்தியம். கீரை கூடாது, பயறு கூடாது, பருப்பு வாயு, மீன் கரப்பான், கறி செரிக்காது. அவளுக்கென்று இருந்தது வெள்ளைச் சோறு ஒன்றுதான். வீட்டிலேயே உயர்ந்ததை அவளுக்குக் கொடுத்தார்கள். அதுதான் கொடுமை.

முதல் பிள்ளைக்கு மாந்தம் என்று மஞ்சளைச் சுட்டு வயிற்றில் சூடு வைத்தார்கள். மூன்று இடத்தில். பிஞ்சுத் தோல் பொரிந்த வாசனை மாயக்காள் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. இரண்டாவதும் போன பிறகு, குற்றம் பிள்ளையிடம் இல்லை, பாலில் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். பால் நஞ்சா இல்லையா என்று பார்க்க அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சுற்றி உட்கார, பிள்ளையைப் புதைத்து மூன்று நாள்கூட ஆகாதவளை மாரைப் பிழியச் சொன்னார்கள். பூவரச இலையில் பால் தேங்கியது. ஒச்சம்மாள் சுவரிலிருந்து கட்டெறும்பு இரண்டைப் பிடித்து அதில் போட்டாள்.

எறும்புகள் நீந்தின. காலை உதைத்தன. பிறகு அசையவில்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆத்தாடி! பாம்பு வெசமுல்ல!" என்றாள் ஒருத்தி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு.

எதில் போட்டாலும் எறும்பு முங்கிச் சாகும் என்று அந்த நாலு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மாயக்காளுக்கே தோன்றவில்லை. அன்றிலிருந்து சேலை நனையும்போதெல்லாம் தன் உடம்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது பிள்ளை பிறந்ததும், நஞ்சு முறிய வேண்டும் என்று ஒச்சம்மாள் பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். நாற்பது நாளில் முடிய வேண்டியது மூன்று மாதமாக நீண்டது.

எழுபத்து மூன்றாம் நாள் பிள்ளை இரண்டு தரம் பாலைக் கக்கியது. மறுநாள் வாயைத் திறந்து அழுதது. ஆனால் சத்தம் வரவில்லை. முகம் சிவக்கிறது, நாக்கு நடுங்குகிறது, கண்ணில் நீர் வழிகிறது. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மாயக்காள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இந்தா பாருங்க," என்றாள் புருஷனிடம். "நா எறும்பும் பாக்க மாட்டேன், சூடும் வைக்க விட மாட்டேன். மருதைக்கு ஆசுபத்திரிக்கு வண்டியப் பூட்டுறீகளா, இல்ல நடந்து போகவா?"

காசிமாயன் நல்லவன்தான். ஆனால் அப்பன் முகத்தைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான். அன்று அப்பன் சந்தைக்குப் போயிருந்தது பிள்ளையின் அதிர்ஷ்டம். வண்டியைப் பூட்டினான்.

மதுரையில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாள். பிறகு மாயக்காளின் கணுக்காலைப் பிடித்து விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"கால் மரத்துப்போகுதா?"

"ஆமாம்மா. ராவும் பகலும் காந்துது."

"என்ன சாப்பிடுறே?"

காசிமாயன் முந்திக்கொண்டான். "கொறையே வைக்கலீங்கம்மா. மெஷின் அரிசி, பச்சரிசி. நல்லாக் கழுவி, ஒட்ட வடிச்சு, மூணு வேளையும் அதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கிறதில்லைங்கம்மா. அம்புட்டுப் பத்தியமா வச்சிருக்கோம்."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டாள். "மாடு வச்சிருக்கியா?"

"நாலு உருப்படி இருக்கும்மா."

"மில்லுத் தவிட்ட யாருக்குப் போடுறே?"

"மாட்டுக்குத்தேன்."

"வடிச்ச கஞ்சி?"

"அதும் மாட்டுக்குத்தேன்."

"கன்னுக்குட்டி எப்படி இருக்கு?"

"கொழுகொழுன்னு இருக்கும்மா!" என்று சிரித்த முகத்தோடு சொன்னான் காசிமாயன்.

"இருக்கும். ஒங்க வீட்டுல கன்னுக்குட்டிதான் பொழைக்கும்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டரம்மா மாயக்காளைப் பார்த்துத் திரும்பி மெதுவாகச் சொன்னாள். அரிசியின் மேல்தோலில், தவிட்டில், ஒரு சத்து இருக்கிறது. அதற்கு வைட்டமின் என்று பெயர். மில் அதை உரித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கழுவும் தண்ணீரோடும் கஞ்சியோடும் போய்விடுகிறது. தாய் தின்றால்தான் அது பாலில் வரும். பாலில் இல்லாவிட்டால் பிள்ளையின் இதயம் தாங்காது.

"அப்ப... எம்பால்ல வெசம் இல்லியாம்மா?"

"வெசமா? யார் சொன்னா? இருக்க வேண்டியது இல்ல, அவ்வளவுதான்."

மாயக்காளுக்கு முதலில் அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. குமட்டல்தான் வந்தது. அந்த வெள்ளைச் சோற்றைப் பார்த்துப் பார்த்து வந்த அதே குமட்டல். இரண்டு பிள்ளைகளைக் கௌரவத்துக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் கும்பாவை வழித்து வழித்துத் தின்று கொடுத்திருக்கிறாள்.

பிள்ளைக்கு ஐந்து நாளைக்குச் சொட்டு விடத் தவிட்டுச் சாறு ஒரு சீசா கொடுத்தார்கள். தாய்க்குக் கைக்குத்தல் அரிசி, வடிக்காத கஞ்சி, கீரை, பயறு. "சீசா தீர்றதுக்குள்ள ஒம்பால் தேறணும். அது ஒன் கையில இருக்கு" என்றாள் டாக்டரம்மா.

அவள் கையில் எங்கே இருந்தது? வீட்டுக்கு வந்ததும் அவளைப் பழையபடி பிள்ளைபெற்ற அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கீரையும் பயறும் கிடையாது என்று ஒச்சம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். கைக்குத்தல் அரிசிக்கு மட்டும் எப்படியோ சம்மதித்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாதல்லவா! கீழத்தெருவிலிருந்து பாண்டியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் தினமும் வந்து கொல்லைக் கொட்டகையில் குத்தினாள். உலக்கைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாயக்காள் தைரியமாக இருந்தாள். பிள்ளைக்கும் நாக்கில் சொட்டு விழ விழக் கொஞ்சம் குரல் திரும்பியது.

ஆனால் கும்பாவில் வந்த சோறு அதே வெள்ளையாகத்தான் இருந்தது.

"கைக்குத்தல்தானா அத்தே?"

"பின்னே? அந்தா கேக்குதுல்ல உலக்கச் சத்தம். காது அவிஞ்சா போச்சு?"

சீசா தீர்ந்தது. தீர்ந்த மூன்றாம் நாள் பிள்ளையின் குரல் மறுபடியும் அடைத்தது. உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மாவும் பொய் சொல்லிவிட்டாளோ, என் பால் நஞ்சுதானோ என்று மாயக்காள் நடுங்கிப் போனாள். அறைக்குள் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் வந்தாள்.

கிணற்றடியில் ஒச்சம்மாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதா அது? கசக்கிக் கசக்கித் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தண்ணீரையும் மாடு குடிக்கும் குளுதாடியில் ஊற்றினாள். "நாலு... அஞ்சு..." என்று வாய்க்குள் எண்ணுகிறாள். ஏழாம் தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்து ஓடிய பிறகுதான் நிறுத்தினாள்.

"என்ன அத்தே இது?"

"என்ன என்ன? அவ கை பட்ட அரிசிய அப்படியே ஒலையில போட்டுருவாகளா? ஏழு தண்ணி கழுவுனாத்தான் சுத்தம்."

மாயக்காள் குளுதாடிக்குள் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி, தவிடு சேறாக அடியில் படிந்திருந்தது. மாட்டின் எச்சில் நூல் மேலே மிதந்தது. அவள் முழங்கைவரை கையை விட்டு அடிச்சேற்றை ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். புளித்தது. மண் நெறுநெறுத்தது. விழுங்கினாள். வெள்ளைச் சோற்றுக்குக் குமட்டிய வயிறு இதற்குக் குமட்டவில்லை.

"அய்யய்யே! த்தூ! மாட்டுத் தண்ணியத் திங்கிறாளே! பேயி பிடிச்சிருச்சா?" ஒச்சம்மாள் அரிசிப் பானையைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

இனிமேல் தின்று, அது பாலாகி, பிள்ளைக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? தோளில் பிள்ளை மீனைப் போல் வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்போது கொட்டகையில் ஒரு குழந்தை வீறிட்டது. பாண்டியம்மாளின் பிள்ளை. உத்தரத்தில் கட்டிய பழஞ்சேலைத் தொட்டிலில், கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி அழுதது. நாலு மாதப் பிள்ளை. தாய் குருணைக் கஞ்சியும் வயல் நண்டும் நத்தையும் குப்பைக்கீரையும் தின்கிறவள். இந்த வீட்டார் கேட்டாலே முகம் சுளிக்கிற சாப்பாடு. அதைத் தின்றவள் பிள்ளைக்கு அம்புட்டுக் குரல்!

மாயக்காள் கொட்டகைக்குள் போய்த் தன் பிள்ளையை நீட்டினாள்.

"பாண்டியம்மா, இதுக்கு ஒரு வாய் குடு."

பாண்டியம்மாள் உலக்கையோடு இரண்டு அடி பின்னால் போனாள். "என்ன தாயி பேசுறீக? ஒங்க மாமனாரு என்னைய மரத்துல கட்டிவச்சுத் தோல உரிச்சிருவாரு."

"செத்துக்கிட்டிருக்குடி."

"எம்பிள்ளைக்கும் வேணுமில்ல தாயி? அதுவும் பிள்ளதான?"

மாயக்காள் நீட்டிய கையை மடக்கவில்லை. பாண்டியம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். "எம்புட்டு நாளா இப்படிக் கெடக்கு?" என்று கேட்டபடியே உலக்கையைச் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். "குடுங்க."

தன் பிள்ளையின் வாய் அந்த வேர்வை வழிந்த கறுத்த மாரில் பட்டதும் மாயக்காளின் உடம்பு ஒரு தரம் கூசியது. அவளும் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவள்தானே. கூசியது தெரிந்ததும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. வேறு பக்கம் திரும்பாமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் வாய் குடிக்கவில்லை. கடைவாயில் வழிந்தது. பாண்டியம்மாள் விரலால் பிழிந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகுதான் தொண்டை அசைந்தது. அன்று மூன்று தரம், மறுநாள் நாலு தரம், குத்து வேலைக்கு நடுவே கொடுத்தாள். ஒச்சம்மாள் பேயோட்டக் கோடாங்கியைத் தேடி அலைந்ததில் இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது.

நல்லகாமன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. காறித் துப்பினார்.

"என் வம்சத்து ரத்தத்துல சேறக் கரைச்சிட்டியேடி!"

"ரெண்டு பேர அனுப்பி வச்சப்ப ஒங்க வம்சத்து ரத்தம் எங்க போச்சு மாமா?" என்றாள் மாயக்காள். அந்த வீட்டில் அவள் மாமனாரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை.

"செத்தாலும் சாதியோட செத்துச்சுக!"

சொன்னவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. காசிமாயன் அப்பன் பின்னால் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. பாண்டியம்மாள் இனி அந்தத் தெருப்பக்கம் தலை காட்டக் கூடாது. மாயக்காளும் பிள்ளையும் தீட்டுப்பட்டவர்கள். வீட்டுக்குள் வரக் கூடாது, அடுப்பங்கரையைத் தொடக் கூடாது. கொட்டகையில் கிடந்து தானே குத்தி, தானே காய்ச்சிக் குடிக்கட்டும். பாண்டியம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அன்று குத்தியதற்கான கூலிநெல்லைக்கூடக் கொடுக்கவில்லை. மாயக்காளால் அதைத் தடுக்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பின்னாளில் அவளை அரித்தது.

தண்டனை கொடுத்தவர்களுக்குத் தாங்கள் செய்தது என்ன என்று தெரியவில்லை. நெல் அவள் கையில் வந்தது. உரலும் அவள் கையில் வந்தது. ஒரு தரம் மட்டும் குத்தினாள். சிவந்த அரிசி, தவிடு ஒட்டிய அரிசி. ஒரு தண்ணீரில் தூசியை மட்டும் அலசி, வடிக்காமல் கஞ்சியோடு குழைய வைத்து உப்புப் போட்டுக் குடித்தாள். வரப்பில் முளைத்த கீரையைக் கிள்ளிப் போட்டாள். காசிமாயன் ஒரு மத்தியானம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, ஒரு படி தட்டைப்பயறைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். அவன் ஆண்மை அம்புட்டுத்தான். அவள் அதையும் வேக வைத்துத் தின்றாள். காந்திய கால்கள் பத்து நாளில் குளிர்ந்தன. இவள் பாலிலேயே பிள்ளை தேறிக்கொண்டு வந்தது.

வீட்டுப் பெண்கள் கொல்லைக்கு வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். "தவிடு திங்கிறவ" என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கோ, அவர்கள் வெள்ளை அரிசி புடைக்கிற சொளகைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற மருமகள் தங்கப்பொண்ணு கால் வீங்கி நடந்தபோது, மாயக்காள் வேலியோரம் நின்று ஒரு சட்டி தவிட்டுக் கஞ்சியை நீட்டினாள். அந்த வீட்டு மாமியார் அதை வாங்கி, அவள் கண் முன்னாலேயே நாய்க்கு ஊற்றினாள். மறுநாளும் மாயக்காள் நீட்டினாள். எத்தனை நாள் ஊற்றினார்கள், எந்த நாளில் அந்தப் பெண் ஒளிந்து வந்து குடித்தாள் என்பதெல்லாம் வேறு கதை.

பிள்ளை மூன்றாம் மாதத்தைத் தாண்டித் தொண்ணூற்றைந்தாம் நாள், சொந்தத்தில் ஒரு கல்யாணம் பேசி முடித்ததற்கு வீட்டில் விருந்து. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று முன்வாசல் நிறைய ஆட்கள். இலையில் மல்லிகைப்பூப் போல் சோறு. கொட்டகையிலிருந்து பிள்ளை அழத் தொடங்கியது. சிணுங்கல் இல்லை, முழு அழுகை. பந்தி முழுக்கக் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், யார்றா அங்க? அந்தச் சனியன் வாய மூடச் சொல்லு! சோறு திங்க முடியல" என்று கத்தினார் நல்லகாமன்.

ஒச்சம்மாள் கொல்லைப்புறம் ஓடி வந்தாள். "ஏண்டி, பிள்ளைய அமத்துடி! மானம் போகுது."

மாயக்காள் உரலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை எதிரே சாக்கில் கிடந்து காலை உதைத்துக் கத்தியது. பசி இல்லை, இப்போதுதான் குடித்தது. சும்மாதான் கத்துகிறது.

"கத்தட்டும் அத்தே" என்றாள் அவள். "நல்லாக் கத்தட்டும்."